கொள்ளு விரித்த ஓடுதளம்

எங்கள் ஊரில் கொள்ளுச் செடியை விரித்துப் போட்டால்தான் விமானம் இறங்கும். வெறும் தாரில் இறங்காது. மற்ற ஊர் விமானங்கள் எப்படியோ எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் வாகைப்பொட்டலுக்கு வந்த விமானங்களைத்தான்.

அப்படிப் பழக்கிவிட்டது நாங்கள்தான். ஓடுதளம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஊர்ப் பொதுக்களம் இருந்தது. களத்தை எடுத்துக்கொண்டு தார் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் புதுத் தார் எங்கே தெரிந்தாலும் மறுநாளே அதில் கொள்ளோ உளுந்தோ காயும். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகும், நெற்று உடையும், பொழுது சாயப் போய் அள்ளிக்கொண்டு வருவோம். அதற்கு யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஓடுதளமும் தார்தானே. அது மாசி மாதம் வேறு. பிடுங்கின கொள்ளுச் செடி கட்டுக் கட்டாகக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஊரே திரண்டுபோய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்துவிட்டோம்.

முதல் விமானம் அதன் மேலேயே இறங்கியது. நெற்று உடைந்த சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டதாம். மாடு கட்டி நாள்கணக்கில் மிதிக்க வேண்டியதை ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டது. திரும்பிக் கிளம்பும்போது அதன் வாலுக்குப் பின்னால் வீசின காற்றில் நெற்றுத் தோல் உடைந்த பொட்டும் கூளமும் பறந்துபோய் வேலியோரம் ஒதுங்கின. மணி தனியாகக் கிடந்தது. தூற்றுகிற வேலையும் மிச்சம். என் வீட்டுக்காரர் கழுகாசலம் ஒரு கை கொள்ளை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேருதான் கவர்மெண்டு” என்றார். எதையும் சுலபமாக நம்பிவிடுகிற மனுசன். அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், வயிற்றெரிச்சலும் அதுதான்.

அடுத்தாற்போல் வந்த விமானம் வெறும் தாரைப் பார்த்துவிட்டுத் தலைக்கு மேலேயே நின்று முரண்டு பிடித்தது. ஓடுதளத்து ஆபீசர் கிளாட்வின் சார், நாசரேத் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை கசங்க எங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்.

“கொள்ளு இருக்காம்மா? விரிச்சாத்தான் இறங்குவேங்குது. போன தடவை மெத்துன்னு இருந்துச்சாம்.”

இருந்ததைக் கொண்டுபோய் விரித்தோம். இறங்கியது. அன்றிலிருந்து அதுதான் முறை.

நல்ல காலம் என்றால் நல்ல காலம்தான். இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கொள்ளை வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். விமானத்திலிருந்து இறங்குகிற ஆட்களுக்குத் தலையெல்லாம் பொட்டு ஒட்டியிருக்கும். கழுத்தைச் சொறிந்துகொண்டே நிற்பார்கள். சும்மா நிற்பானேன் என்று ஆளுக்கொரு சுளகைக் கையில் கொடுத்துவிடுவோம். கோட்டுப் போட்ட ஆட்கள்கூடப் புடைத்தார்கள். சரியாகப் புடைக்கத் தெரியாதவர்களை என் கொழுந்தன் வெயிலுமுத்து விடமாட்டான். “சார், கல்லு இந்தப் பக்கம் ஒதுங்கணும் சார். வீட்டுல ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையா?” என்பான். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொரு சுளகு புடைத்துவிட்டுத்தான் ஊருக்குள் வருவார்கள்.

பிறகு பெரிய விமானங்கள் வரப்போவதாகச் சொன்னார்கள். கிளாட்வின் சார் ஊரைக் கூட்டினார். ஓடுதளத்தை இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும், அகலமும் போதாது, நிலம் வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் இருந்தது எங்கள் கொள்ளுக் காடு.

“களம் பெருசாகுதுன்னா நல்லதுதான?” என்று முதலில் எழுந்தது என் வீட்டுக்காரர். நான் பின்னாலிருந்து அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். துண்டை என் கையில் விட்டுவிட்டு அவர் கையைத் தூக்கினார்.

“அப்ப கொள்ளை எங்க விதைக்கிறது?” என்று நான் கேட்டேன். ஊர்க் கூட்டத்தில் பொம்பளை எழுந்து கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“மதினி, இம்புட்டுப் பெரிய களம் இருந்தா கொள்ளு தானா வந்து சேரும்” என்றான் வெயிலுமுத்து. எல்லோரும் கை தட்டினார்கள். கிளாட்வின் சாரும் தட்டினார்.

ஒரு தடவை நீட்டினார்கள். அது போதவில்லை என்று இன்னொரு தடவையும் நீட்டினார்கள். கடைசியில் ஓடைவரைக்கும் தார் வந்து நின்றது. விமானம் ஓடையைத் தாண்டாது என்பதால், ஓடைக்கு அந்தப் பக்கம் என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த துண்டுக் காடு மட்டும் தப்பியது. ஊரில் மிஞ்சிய மண் அதுதான். இத்தனை பெரிய களம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எங்கள் ஆட்கள் பக்கத்து ஊர்க் கல்யாணங்களில் போய்ப் பெருமை பேசினார்கள். வெட்கங்கெட்ட ஜனங்கள்.

நிலம் போனபின் ஆம்பளைகளுக்கு வேலை இல்லை. விமானத்துக்கோ வெறும் நாற்காலிகளோடு மேலே ஏற முடியாது. அது ஏறினால்தான் எங்களுக்குக் கூளம் தூற்ற முடியும். ஆகவே கண்மாய் வேலைக்குப் போவதுபோல் வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்து ஏறினார்கள். அது போகிற சீமையில் இறங்கி, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு வர வேண்டியது. எங்கள் வீட்டில் கழுகாசலம் ஏறினார்.

“மாசிக்கு வந்துருவேன் புள்ள. களத்துல ஆள் வேணும்ல” என்றார்.

“எந்தக் கொள்ளுக்கு ஆள் வேணும்?” என்று கேட்டேன். அவர் அதற்குள் படி ஏறிவிட்டார்.

மாசி வந்தது. களம் இருந்தது, கொள்ளு இல்லை. சுற்று ஊர்களிலும் இல்லை. எங்களுக்கு வந்த ஆசை அவர்களுக்கும் வந்து, வழிநெடுக ரோட்டை அகலமாக்கக் காட்டைக் கொடுத்திருந்தார்கள். வந்த விமானத்துக்குக் கம்பந்தட்டையை விரித்துப் பார்த்தோம். அது தாழ்ந்து வந்து, வெந்நீரில் கால்விரலை வைத்துப் பார்ப்பதுபோல் ஒரு சக்கரத்தை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. கூரையைப் பிரித்து ஓலையைப் போட்டோம். பிடிக்கவில்லை. மெத்தை, தலையணை, சேலை என்று வீட்டில் மெத்தென்று இருந்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டோம். கிளாட்வின் சார் தன் கட்டில் விரிப்பையும் கொண்டுவந்து ஓரத்தில் போட்டார். அவர் முகத்துக்காகவாவது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. மேற்கே ஒரு ஊரில் கடலைக்கொடி விரிக்கிறார்களாம், இன்னும் மெத்தென்று இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலே வந்ததும் மூக்கை மேற்கே திருப்பிக்கொண்டன.

ஒரே ஒரு விமானம் மட்டும் திருப்பவில்லை. என் வீட்டுக்காரர் வந்த விமானம் அது. சொன்னது சொன்னபடி மாசியிலேயே வந்துவிட்டார். அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாகைப்பொட்டலில் ஏறியவர்கள் என்பதால் அது வாகைப்பொட்டலில்தான் இறங்க வேண்டும். இறங்கக் கொள்ளு இல்லை. எனவே சுற்ற ஆரம்பித்தது.

கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, ஓடுதளத்தை மூடுவதாக உத்தரவு வந்தது. கிளாட்வின் சார் ஆபீசைப் பூட்டினார். காற்றுத் திசை பார்க்கிற சிவப்புத் துணிக்குழாயைக் கம்பத்திலிருந்து கழற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் வந்து, “மேல ஒண்ணு பாக்கி இருக்கும்மா. பாத்துக்கங்க” என்றார். சரி என்றேன். ஆபீசருக்கு மாற்றலாகிவிட்டால் பாக்கியை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

தார் வெடித்தது. வெடிப்பில் சீமைக்கருவேலம் முளைத்தது. ஆபீஸ் கூரை ஒரு காற்றுக்குப் போனது. வெயிலுமுத்து நாலு ஆடு வாங்கி ஓடுதளத்தில் மேய்த்தான். விமானத்தின் நிழல் ஊருக்கு மேலே வரும்போதெல்லாம் ஆடுகள் அதற்குள் போய் ஒண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடும். பிறகு அடுத்த சுற்றுக்கு நின்று காத்திருக்கும்.

கழுகாசலம் இடப்பக்கத்து ஜன்னலில் இருந்தார். விமானம் ஊருக்கு மேலே சாயும்போது அவர் முகம் நன்றாகத் தெரியும். துண்டை வெளியே விட்டு ஆட்டுவார். நான் முந்தானையை ஆட்டுவேன். சாயங்காலங்களில் விமானம் கொஞ்சம் தாழ்ந்து வரும், அப்போது பேசிக்கொள்வோம். ஒரு சுற்றில் நான் கேட்டால் அடுத்த சுற்றில் அவர் பதில் சொல்வார்.

“சாப்பிட்டீங்களா?”

ஊரணி, கோவில், ஓடை எல்லாம் சுற்றி வந்து, “ஆச்சு. நீ?”

வானத்தில் இருக்கிற புருசனோடு சண்டை போடுவது மாதிரி ஆற அமர நடக்கிற காரியம் வேறு கிடையாது. “அன்னைக்குக் கையைத் தூக்குனீங்களே, இப்ப எப்படி இருக்கு?” என்று திங்கட்கிழமை கேட்பேன். “எல்லாரும்தான தூக்குனாங்க” என்று வரும். “எல்லாரும் கெணத்துல விழுந்தா நீங்களும் விழுவீங்களா?” என்பேன். அவர் யோசிப்பதற்கு இரண்டு சுற்றுப் போய்விடும். முடிவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். கோபம் அதற்குள் ஆறிப்போகும், ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இரண்டு பேரும் கடைசிவரை போடுவோம்.

மற்ற பெண்டுகள் அவரவர் ஜன்னலுக்குக் கொஞ்ச காலம் கை ஆட்டினார்கள். பிறகு சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். சிலருக்கு அப்படியே பழகிவிட்டது. மேலே ஒரு ஆள் இருக்கிறார், அது போதும் என்று இருந்துவிட்டார்கள். எனக்குப் போதவில்லை. எனக்கு அவர் வேண்டும். தின்ற சோறு நெஞ்சில் நிற்கிறது, வாசலைப் பெருக்கினால் யாருக்குப் பெருக்குகிறேன் என்று அழுகை வருகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஓடைக்கு அந்தப் பக்கத்துத் துண்டுக் காட்டில் கொள்ளு விதைத்தேன். ஒரு மணி நான் தின்னவில்லை. ரசத்துக்குக்கூட எடுக்கவில்லை. விளைந்ததையெல்லாம் மறுபடி விதையாகப் போட்டேன். மாசியில் செடியைக் கொண்டுபோய் விரித்தால் ஆபீசிலிருந்து ஆட்டுக்கிடை வரைக்கும்தான் வரும். விமானம் தாழ்ந்து பார்க்கும். கொள்ளு முடிகிற இடத்தைக் கண்டதும் ஏறிவிடும். மறு வருடமும் அதே ஆட்டுக்கிடை வரைக்கும்தான். அதற்கு அடுத்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, அதுவும் வரவில்லை. துண்டுக் காடு எவ்வளவுதான் பெறும்.

விளைகிற மண் முழுக்கத் தாருக்குக் கீழேதான் இருந்தது. ஒருநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். வெயிலுமுத்து ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

“மதினி, தாரைக் கொத்திட்டா அண்ணன் எதுல இறங்குவாரு?”

“தாரு இருந்து எத்தனை வருசமா இறங்கிட்டாரு?”

இருந்தாலும் அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம் மேலே பார்த்துக் கேட்டேன். “எம்புட்டு நீளம் இருந்தா இறங்குவீங்க?” ஒரு சுற்று. “பைலட்டுகிட்ட கேட்டுச் சொல்றேன்.” இன்னொரு சுற்று. “பாதி போதுமாம். வண்டி எளைச்சுப்போச்சாம்.” பார்த்தால் எனக்கே தெரிந்தது. தின்னத் தீனியில்லாத மாடு மாதிரி விமானத்துக்கு விலா எலும்பு தெரிந்தது.

பாதியைக் கொத்தினோம். நானும் வெயிலுமுத்தும், பழகிப்போன பெண்டுகளில் இரண்டு மூன்று பேரும். முதலில் சிரித்தார்கள், பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாரும் சல்லியும் பெயர்ந்து வந்தால் கீழே மண் கறுகறுவென்று ஈரமாக இருந்தது. இத்தனை காலம் மூடிக் கிடந்த மண். நான் அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெயிலுமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “அன்னைக்குக் கை தட்டினவன்தான மதினி நானு” என்று ஆடுகளைப் பார்த்துச் சொன்னான். புரட்டாசியில் விதைத்தோம். அந்த வருடம் பனி நன்றாகப் பெய்தது. கொள்ளுக்குப் பனி போதும்.

மாசியில் பிடுங்கி, மிச்சமிருந்த பாதித் தாரில் விரித்தோம். ஒரு சாண் இடத்தில்கூடத் தார் தெரியவில்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது விமானம் ஓடைப் பக்கமிருந்து தாழ்ந்து வந்தது. கழுகாசலம் துண்டை ஆட்டவில்லை, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சக்கரம் பட்டது. நெற்றுகள் படபடவென்று உடைந்தன. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, முழுச் சத்தத்தையும் கேட்டேன். கொள்ளு முடிகிற இடத்தில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கழுகாசலமும் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தப் பொட்டில் நரை எது பொட்டு எது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தாண்டி, மற்றவர்களோடு ஆபீஸ் கட்டடத்துக்குள் போய்விட்டார். விமானம் திரும்பி, கூளத்தைத் தூற்றிவிட்டு, வெறும் நாற்காலிகளோடு மேற்கே போனது. இளைத்த வண்டி, அதனால் வெறுமையாகவும் ஏற முடிந்தது.

ஆபீஸில் கூரைதான் இல்லை, சுவர்கள் இருந்தன. ஒரு சுவரில் சாக்குத் தொங்கவிட்ட சதுர ஓட்டை. நல்ல காலத்தில் வெளியூர் ஆட்களின் பெட்டிகள் அது வழியாகத்தான் உள்ளே வரும். எங்கள் ஆட்கள் அந்த ஓட்டையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றிருந்தார்கள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

“பெட்டி வரணும்ல” என்றார்.

“எந்தப் பெட்டி?”

“புதுப் பெட்டி. வேற விமானத்துல பின்னால வரும்னு சொல்லி அங்கயே வாங்கி ஏத்திட்டாங்க. உனக்கு ஒரு சேலை இருக்கு. தைலம் இருக்கு. வெயிலுமுத்துக்கு டார்ச் லைட்டு.”

“எனக்குச் சேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க வந்தாப் போதும்.”

“வெறுங்கையை வீசிக்கிட்டு எப்படி புள்ள வர்றது? ஊரு என்ன சொல்லும்?”

“எந்த ஊரு? நானும் ஒங்க தம்பியும் ரெண்டு மூணு பொம்பளைங்களும் நாலு ஆடும்தான் ஊரு.”

அவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எந்த விமானமும் இங்கே வராது, எல்லாம் கடலைக்கொடிக்குப் போகின்றன என்று வெயிலுமுத்தும் வந்து சொல்லிப் பார்த்தான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் நகரவில்லை.

சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார், சாக்கு அசைந்தால் கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிடுவார். வானத்தில் இருந்தபோதாவது என்னைப் பார்த்துக்கொண்டு போனார். இப்போது பேச்சும் குறைந்துவிட்டது. ஊரணியைத் தாண்டினால் வீடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிதானே வேண்டும், தருகிறேன் என்று வீட்டுக்குப் போனேன். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கித் தந்த இரும்புப் பெட்டியைத் துடைத்தேன். அதன் மூடியில் ‘கழுகாசலம்’ என்று அவரே மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார். உள்ளே அவர் வேட்டி, என் கூறைச்சேலை, சிந்தாமல் ஒரு பொட்டலம் கொள்ளு, எல்லாம் வைத்துப் பூட்டினேன். வெயிலுமுத்து ஒரு கை பிடித்தான். ஆபீஸுக்குப் பின்பக்கமாகப் போய் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டேன். சாக்கு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். கழுகாசலம் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பெயரைப் படித்தார். விரலால் தடவியும் பார்த்தார். “பழசு. நம்மது புதுப் பெட்டி” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வழிவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆள் குனிந்தார். நல்ல உயரம், வேறு ஏதோ ஊர்க்காரர், எங்கள் ஆட்களோடு சேர்ந்து இங்கேயே ஏறினவராக இருக்க வேண்டும். பெட்டியைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் அதைத் துடைத்துத் தோளில் தூக்கினார். கழுகாசலமே ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார். பிறகு அந்த ஆள் நின்ற இடத்துக்கு நகர்ந்துகொண்டார். அங்கிருந்து ஓட்டை இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த ஆள் வெளியே வந்து, “வீடு எந்தப் பக்கம்?” என்று என்னிடம் கேட்டார்.

“ஊரணியைத் தாண்டி ரெண்டாவது வீடு” என்று எங்கள் வீட்டைச் சொன்னேன்.

அவர் முன்னால் நடந்தார். பெட்டி கனம் போலிருக்கிறது, வழியில் ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டார். வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் சோறு இருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் உலை வைக்க வேண்டும் என்று நான் ஆட்டுக்கிடை வழியாகக் குறுக்கே நடந்து அவரை முந்தினேன்.